இங்கிலாந்தின் பழைய கிராமத் தேவாலயம்: முதலில் தழும்புகளைப் பாருங்கள்

இங்கிலாந்தில் சின்ன கிராமத்துக்குப் போனாலும் மரங்களுக்கு மேலே ஒரு கல் கோபுரம் தலைகாட்டும். இந்தத் தேவாலயங்களில் ஆயிரக்கணக்கானவை 1540-க்கு முன்பே எழுந்தவை. நுழைவுக் கட்டணம் கிடையாது, பெரும்பாலும் பகலில் பூட்டும் கிடையாது, சுற்றிக்காட்ட ஆளும் இருக்க மாட்டார். முதல்முறை போகிறவர் பத்து நிமிடம் சுற்றிவிட்டு, கல்லும் கண்ணாடியும் பெஞ்சும் பார்த்ததாகச் சொல்லித் திரும்பிவிடுவது அதனால்தான்.

புதியவர்களுக்கான கையேடுகள் வழக்கமாகக் கட்டடப் பாணிகளின் அட்டவணையோடு ஆரம்பிக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே பாணியில், ஒரே மூச்சில் கட்டி முடித்த கிராமத் தேவாலயம் அபூர்வம். ஒரு தலைமுறை சுவரை இடித்து அகலப்படுத்தியது, அடுத்தது கூரையை உயர்த்தியது. பதினாறாம் நூற்றாண்டின் மதச்சீர்திருத்தத்தில் நாடு கத்தோலிக்கத்திலிருந்து புராட்டஸ்டன்ட் வழிக்கு மாறியபோது அரசு ஆணைப்படி சிலைகளைப் பெயர்த்தார்கள். அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் விக்டோரியா காலத்தவர் வந்து எல்லாவற்றையும் 'சரிசெய்தார்கள்'. ஒவ்வொருவரும் சுவரில் ஒரு தழும்பை விட்டுப் போயிருக்கிறார்கள். அடைத்த கதவு, காரணமில்லாத துளை, சுரண்டிய முகம் ஆகியவற்றைத் தேடிப் பழகுங்கள். பாணிகளின் பெயரைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

கிளம்பும் முன்

டார்ச், சின்ன பைனாகுலர், ஸ்வெட்டர் ஆகிய மூன்றும் போதும். ஜூலையிலும் உள்ளே கல் குளிரும். டார்ச் இருட்டுக்காக மட்டுமல்ல. அதைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துச் சாய்வாக அடித்தால்தான் மெல்லிய கீறல்கள் எழும்பித் தெரியும். பைனாகுலர் கூரைக்கு. ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் போனால் உட்கார்ந்து கலந்துகொள்ளலாம், சுற்றிப் பார்க்க முடியாது.

கதவில் கனமான இரும்பு வளையம் தொங்கும். அதை இரண்டு பக்கமும் திருப்பி, தோளால் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள். பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப்போன பலர் உண்மையில் வளையத்தைச் சரியாகத் திருப்பாதவர்கள். நிஜமாகவே பூட்டியிருந்தால் வாசல் மண்டபத்து அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதியிருப்பதுண்டு.

வெளியே ஒரு முழுச் சுற்று

உள்ளே ஓடாதீர்கள். முதலில் கட்டடத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். மேற்குக் கோடியில் கோபுரம், நடுவில் மக்கள் கூடும் நேவ், கிழக்குக் கோடியில் பாதிரியாரும் பலிபீடமும் இருக்கும் சான்சல் என்பதுதான் பொதுவான அமைப்பு. நேவின் இருபக்கமும் பக்கக்கூடங்கள் ஒட்டியிருக்கலாம்.

ஒரு விஷயம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். இடைக்காலத்தில் நேவைப் பழுதுபார்ப்பது ஊர்மக்கள் பொறுப்பு. சான்சலைப் பார்த்துக்கொள்வது தசமபாகம் (ஊர் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) வாங்கும் ரெக்டர் என்ற திருச்சபைப் பொறுப்பாளரின் கடமை. நேவ் உயரமாக, பெரிய ஜன்னல்களோடு பளபளக்க, சான்சல் மட்டும் குட்டையாகப் பழைய மேனிக்கு நின்றால் ஊரிடம் காசு இருந்தது, ரெக்டர் கையை இறுக்கிக்கொண்டார் என்று ஊகிக்கலாம். நேர்மாறாகவும் இருக்கும்.

கல்லும் பேசும். காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் தேன்நிறச் சுண்ணாம்புக்கல். நார்ஃபோக், சஃபோக் பக்கம் வெட்டுக்கல் கிடையாது, சிக்கிமுக்கிக் கல்தான். அதை வைத்துக் கூர்மையான மூலை கட்டுவது கஷ்டம். நார்ஃபோக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட கோபுரங்கள் உருண்டையாக இருப்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் இதுதான்.

இனி தழும்புகள். கோபுரத்தின் கிழக்கு முகத்தைப் பாருங்கள். நேவின் கூரைக்கு மேலே கவிழ்த்த 'V' போல ஒரு கல்வரம்பு தெரிந்தால், பழைய கூரை அங்கே முட்டி நின்றது என்று பொருள். கூரை அந்த வரம்புக்குக் கீழே இருந்தால், செங்குத்தான பழைய கூரையை எடுத்துவிட்டுத் தட்டையான ஈயக்கூரை போட்டிருக்கிறார்கள். வரம்பு நேவுக்கு உள்ளேயிருந்து தெரிந்தால், பிறகு சுவரை உயர்த்தி மேல்வரிசை ஜன்னல் வைத்திருக்கிறார்கள். அடுத்து, சுவரில் கற்கள் ஒன்றோடொன்று பின்னாமல் மேலிருந்து கீழாக ஒரே நேர்கோட்டில் பிரிகிற இடத்தைத் தேடுங்கள். அங்கே ஒரு கட்டடம் முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது தெற்குப் பக்கத்தில் இருக்கும். சுவரிலோ வாசல் நிலைக்கல்லிலோ, கிட்டத்தட்ட நெஞ்சு உயரத்தில், விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து கீழ்நோக்கி விரியும் கீறல் கோடுகள். ஒரு கோடு மட்டும் மற்றவற்றைவிட ஆழமாக இருக்கலாம். துளையில் குச்சி செருகினால் நிழல் கோட்டில் விழும். பூசை நேரம் தெரிந்துகொள்ள வைத்த சூரியக் கடிகாரம் அது. சில ஊர்களில் இது வாசல் மண்டபத்துக்கு உள்ளே, வெயிலே படாத இடத்தில் இருக்கிறது. நிழலில் யாரும் சூரியக் கடிகாரம் செதுக்க மாட்டார்கள். ஆகவே மண்டபம் பிற்காலத்தது. ஆவணம் எதையும் புரட்டாமல் நீங்களே ஒரு காலவரிசையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

வடக்குப் பக்கம் அடைத்த கதவு ஒன்று இருந்தால், ஞானஸ்நானத்தின்போது பிசாசு வெளியே போவதற்காக வைத்தது என்று யாராவது சொல்வார்கள். சுவையான கதை. ஆனால் இடைக்காலத்தில் கோயிலைச் சுற்றி ஊர்வலம் போவது வழக்கம், அதற்கு இரண்டு பக்கமும் கதவு வேண்டும். மதச்சீர்திருத்தம் ஊர்வலங்களை நிறுத்தியபின் வடகாற்றை உள்ளே விடும் கதவு எதற்கு என்று அடைத்துவிட்டார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

வாசலும் தொட்டியும்

வாசல் மண்டபம் செருப்பு கழற்றும் இடம் அல்ல. திருமண உறுதிமொழி அங்கேதான் நடந்தது, ஒப்பந்தங்களும் பேசினார்கள், அதனால்தான் இருபக்கமும் கல்திண்ணை. கதவுக்குப் பக்கத்தில் சுவரில் உடைந்த கிண்ணம் போல ஒரு குழி தெரிந்தால், அது உள்ளே நுழைகிறவர்கள் விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொண்ட தீர்த்தக் கிண்ணம். பெரும்பாலும் முன்விளிம்பு உடைந்தே இருக்கும். வேண்டுமென்றே உடைத்தது.

உள்ளே வந்ததும் கண்ணில் படுவது ஞானஸ்நானத் தொட்டி. கட்டடத்தைவிடப் பழைய பொருளாக அதுவே இருக்க வாய்ப்புண்டு, ஏனென்றால் சுவரை மாற்றியவர்கள் தொட்டியைத் தூக்கிப்போட மனம் வராமல் வைத்துக்கொண்டார்கள். தொட்டியின் மேல்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். எதிரெதிரே இரண்டு இடங்களில் கல் பெயர்ந்து, வேறு கல்லால் ஒட்டுப்போட்டிருக்கும். புனித நீரை மந்திரவேலைக்குத் திருடிப் போகிறார்கள் என்ற பயத்தில், தொட்டிகளை மூடிப் பூட்ட வேண்டும் என்று 1236-இல் கேன்டர்பரி பேராயர் ஆணையிட்டார். பூட்டுக்கொண்டிகளைப் பிடுங்கிய காயம்தான் நீங்கள் தடவுவது.

கிழக்கு ஆங்கிலியாவில் எட்டுப்பட்டைத் தொட்டிகள் நிறைய. ஏழு பட்டைகளில் ஏழு அருட்சாதனங்களையும் (ஞானஸ்நானம், திருமணம் போன்ற புனிதச் சடங்குகள்) எட்டாவதில் பெரும்பாலும் சிலுவைப்பாட்டையோ இயேசுவின் திருமுழுக்கையோ செதுக்கிய வகை ஏறக்குறைய நார்ஃபோக், சஃபோக் மாவட்டங்களின் தனிச்சொத்து. முகங்கள் பெரும்பாலும் மொட்டையாக இருக்கும். ஹாம்ப்ஷயரின் ஈஸ்ட் மீயோனில் பெல்ஜியத்தின் டூர்னே நகரத்திலிருந்து கப்பலில் வந்த கறுப்புக்கல் தொட்டி இருக்கிறது; ஆதாம் ஏவாள் கதை அதன் இரண்டு பக்கங்களில் ஓடுகிறது.

நேவில் நின்றுகொண்டு

பெஞ்சுகளைக் கண்ணிலிருந்து அழித்துவிடுங்கள். பதினைந்தாம் நூற்றாண்டு வரை பெரும்பாலான ஊர்களில் மக்கள் நின்றார்கள், மண்டியிட்டார்கள். வயதானவர்களுக்குச் சுவரோரம் கல்திண்ணை. பழைய பெஞ்சு கிடைத்தால் அது அதிர்ஷ்டம். அதன் தலைப்பில் செதுக்கிய பூங்கொத்தையும் மிருகத்தையும் பாருங்கள். நீங்கள் பார்க்கும் மஞ்சள்நிற பைன்மர பெஞ்சு அனேகமாக விக்டோரியா காலத்தது.

அடுத்து, வெறும் கல்லையும் அழித்துவிடுங்கள். உள்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு பூசி வண்ணம் தீட்டியிருந்தார்கள். தெற்கு வாசலுக்கு நேர் எதிரே, வடக்குச் சுவரில், குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் பிரம்மாண்டமான புனித கிறிஸ்டோபரின் மங்கல் உருவம் தெரியலாம். அவர் படத்தைப் பார்த்தவருக்கு அன்று திடீர்ச்சாவு வராது என்று நம்பினார்கள். அதனால் கதவைத் திறந்தாலே தெரியும்படி வரைந்தார்கள். சர்ரேயின் சால்டனில் மேற்குச் சுவரை அடைத்துக்கொண்டு 1200-ஐ ஒட்டி வரைந்த ஏணி ஒன்று நிற்கிறது. மேலே ஏறும் ஆத்மாக்கள், கீழே விழுந்து கொப்பரையில் வேகும் ஆத்மாக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளையடிப்புக்கு அடியிலிருந்து அது வெளிப்பட்டது. அழிக்க நினைத்தவர்களின் சுண்ணாம்புதான் அதைக் காப்பாற்றியது.

ரூட் இருந்த இடம்

நேரம் குறைவு என்றால் மற்றதை விட்டுவிட்டு இதை மட்டும் பாருங்கள். நேவுக்கும் சான்சலுக்கும் நடுவே ஒரு பெரிய வளைவு. அதன் கீழே மரவேலைப்பாட்டுத் தடுப்பு. அதன் மேலே ஆள் நடக்கும் அகலத்தில் ஒரு பரண். அதற்கும் மேலே சிலுவையில் இயேசு, ஒருபக்கம் மரியாள், மறுபக்கம் யோவான். இந்தச் சிலுவைக் கூட்டத்துக்கு ரூட் என்று பெயர். மக்கள் பூசை கேட்ட நேரமெல்லாம் கண்முன் நின்றது இதுதான்.

இன்று ஏறக்குறைய எங்கும் இது இல்லை. எட்டாம் ஹென்றியின் மகன் ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1547-லிருந்து, சிலைகளை இறக்கினார்கள். கத்தோலிக்கரான மேரி ராணி வந்ததும் திரும்ப ஏற்றினார்கள். 1561-இல் எலிசபெத்தின் ஆணை பரணை வெட்டச் சொன்னது. தடுப்பை நிற்க விட்டது. ஆகவே நீங்கள் தேட வேண்டிய தடயம் இது: வளைவுக்குப் பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் உயரத்தில், எங்குமே போகாத ஒரு சின்ன கதவு. சுவருக்குள் குறுகிய படிக்கட்டு ஏறி அந்தரத்தில் முடியும். அது பரணுக்குப் போன வழி.

தடுப்பு மிஞ்சியிருந்தால் குனிந்து கீழ்ப்பலகைகளைப் பாருங்கள். நார்ஃபோக்கின் ரான்வொர்த்தில் புனிதர்களின் வரிசை இன்னும் சிவப்பும் பச்சையும் பொன்னுமாக இருக்கிறது. வேறு பல ஊர்களில் உடை, காலணி, ஆயுதம் எல்லாம் கெடாமல் இருக்க, முகம் மட்டும், அதிலும் கண் மட்டும், கூரான கருவியால் கீறப்பட்டிருக்கும். டார்ச்சைச் சாய்த்தால் ஒவ்வொரு கீறலும் தெரியும். யாரோ முழங்காலிட்டு நிதானமாகச் செய்த வேலை.

ரூட்டின் இல்லாமையையே நேரில் காட்டும் ஊர் சஃபோக்கின் வென்ஹேஸ்டன். வளைவின் மேற்பகுதியை அடைத்த மரப்பலகைகளில் 1480-ஐ ஒட்டிக் கடைசித் தீர்ப்பு நாளை வரைந்திருந்தார்கள். பின்னாளில் வெள்ளையடித்து மறைத்தார்கள். 1892-இல் பழுதுபார்த்தபோது இந்தப் பலகைகளைக் குப்பை என்று கல்லறைத் தோட்டத்தில் வீசினார்கள். இரவு மழையில் சுண்ணாம்பு கரைந்தது. காலையில் தேவதூதர்களும் பிசாசுகளும் வெயிலில் கிடந்தார்கள். இப்போது அந்தப் பலகைகள் தேவாலயத்துக்குள்ளேயே மாட்டியிருக்கின்றன. நடுவில் வண்ணமே இல்லாத வெற்றிடம் மூன்று: ஒரு சிலுவை வடிவம், இருபக்கமும் இரண்டு மனித வடிவங்கள். மரச்சிற்பங்கள் முன்னால் நின்றதால் ஓவியர் அந்த இடத்தில் வண்ணம் பூசவில்லை. சிற்பங்கள் போய்விட்டன, அவற்றின் நிழலுருவம் நிற்கிறது.

சான்சலுக்குள்

பலிபீடத்துக்கு வலப்புறம், தெற்குச் சுவரில், ஒரு சின்ன மாடமும் அதன் தரையில் வடிகால் துளையுடன் ஒரு குழிவும் இருக்கும். பிசினா என்பார்கள். பூசைப் பாத்திரம் கழுவிய நீர் சாக்கடையில் போகக்கூடாது, புனித மண்ணுக்கே போக வேண்டும்; அதற்காகச் சுவர் வழியே வடிகால். நேவிலோ பக்கக்கூடத்திலோ அனாதையாக ஒரு பிசினாவைக் கண்டால், அங்கே ஒரு பலிபீடம் இருந்தது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதியவர் கையில் இதைவிட நல்ல துப்பு கிடையாது.

பக்கத்தில் மூன்று கல் இருக்கைகள் வரிசையாக, சிலசமயம் படிப்படியாக இறங்கி இருக்கும்: குருவும், அவருக்கு உதவும் டீக்கன், துணை டீக்கனும் உட்கார. எதிர்ச்சுவரில், வடக்கே, ஈஸ்டர் கல்லறை. புனித வெள்ளியன்று நற்கருணை அப்பத்தை அதில் 'அடக்கம்' செய்து ஈஸ்டர் காலை எடுப்பார்கள். நாட்டிங்ஹாம்ஷயரின் ஹாட்டனில் இது உச்சத்தைத் தொட்டிருக்கிறது. அடியில் காவல்காரர்கள் தூங்குகிறார்கள். உச்சியில் சீடர்கள் அண்ணாந்து பார்க்க, விண்ணேறும் இயேசுவின் பாதங்களும் அங்கியின் விளிம்பும் மட்டும் தெரிகின்றன. மீதி ஏற்கெனவே மேலே போய்விட்டது. அந்தச் சிற்பியின் குறும்பு எனக்கு அலுப்பதே இல்லை.

சுவரைச் சாய்வாகத் துளைத்த ஓட்டை ஒன்று வளைவின் பக்கத்தில் இருந்தால், தொழுநோயாளிகள் வெளியே நின்று பார்க்க என்ற விளக்கத்தை நம்பாதீர்கள். பெரும்பாலும் அது கட்டடத்துக்கு உள்ளிருந்து உள்ளே பார்க்கிறது. பக்கப் பலிபீடத்தில் பூசை செய்கிறவர் பெரிய பலிபீடத்தைப் பார்க்க வைத்தது.

மடக்கு இருக்கைகள் இருந்தால், தடுப்பு எதுவும் போடாத பட்சத்தில், மெல்லத் தூக்கி அடிப்பகுதியைப் பாருங்கள். லட்லோவில் 28 இருக்கைகள். அளவில் ஏமாற்றிய சாராயக்காரியை அளவுக்குவளையோடு பிசாசு தூக்கிப்போகும் சிற்பம் அங்கே ஒன்று.

கூரை, கல்லறை, கிறுக்கல்

பைனாகுலரை இப்போது எடுங்கள். கேம்பிரிட்ஜ்ஷயரின் மார்ச் என்ற ஊரில் கூரை முழுக்க நூற்றுக்கு மேற்பட்ட மரத் தேவதூதர்கள் இறக்கை விரித்து நிற்கிறார்கள். சஃபோக்கின் பிளைத்பர்க் தேவதூதர்களில் குண்டு துளைத்த காயங்கள் உண்டு. சிலைகளை உடைப்பதையே பணியாகக் கொண்டு 1643–44-இல் அந்த வட்டாரத்தில் சுற்றிய வில்லியம் டௌசிங் மேல் ஊரார் பழிபோட்டார்கள். அவர் அங்கே வந்தது உண்மைதான். ஆனால் மரத்தில் கிடைத்த ஈயக் குண்டுகள் பதினெட்டாம் நூற்றாண்டில் கூரையில் அடைந்த காக்கைகளைச் சுட்டவை.

கால்மேல் கால் போட்டுப் படுத்திருக்கும் கல் வீரர் சிலுவைப்போருக்குப் போனவர் என்பதும் கட்டுக்கதை. தரையில் இறந்தவரின் உருவம் பொறித்த பித்தளைத் தகடு இருந்தால் உருவத்தின் பாதத்தைப் பாருங்கள். க்ளாஸ்டர்ஷயரின் நார்த்லீச்சில் கம்பளி வியாபாரிகள் ஆட்டின் மேலும் கம்பளி மூட்டையின் மேலும் கால் வைத்து நிற்கிறார்கள், தேவாலயத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை. தகட்டின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்துப் படி எடுப்பதற்கு முன் அனுமதி வாங்குங்கள். தகடு போய்ப் பள்ளம் மட்டும் இருந்தால், அந்தப் பள்ளத்தின் வடிவத்திலிருந்தே ஆணா பெண்ணா என்று தெரியும்.

கோபுரத்தின் உட்சுவரிலும் தூண்களிலும் சாய்வு வெளிச்சம் அடியுங்கள். காம்பஸால் போட்ட ஆறிதழ்ப் பூ, கப்பல், பெயர்கள் வரும். ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் ஆஷ்வெல் கோபுரச் சுவரில் யாரோ லத்தீனில் கொள்ளைநோயைக் கீறி வைத்திருக்கிறார்கள்: எஞ்சியது மக்களில் கசடு மட்டுமே, சாட்சி சொல்ல. அதன் தொடர்ச்சியில் 1362 ஜனவரியில் அடித்த பெரும்புயலும் வருகிறது. கோபுரத்தில் மணிக்கயிறுகள் தொங்கும். தொடவே கூடாது. மணி தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தால் ஒரு இழுப்பு ஆளைத் தூக்கி அடித்துவிடும்.

இப்போது பாணிகள்

இன்று வழங்கும் பாணிப் பெயர்களில் பெரும்பாலானவற்றை 1817-இல் தாமஸ் ரிக்மன் என்பவர் வகுத்தார். சுருக்கமாக: 1066-க்கு முந்தையது சாக்ஸன், மூலையில் நெடுங்கல்லும் படுக்கைக்கல்லும் மாறிமாறி இருக்கும், எர்ல்ஸ் பார்ட்டன் கோபுரம் போல. பிறகு நார்மன்: அரைவட்ட வளைவு, தடித்த தூண், வளைவில் ரம்பப்பல் போன்ற வரி. 1190-ஐ ஒட்டிக் கூர்வளைவும் ஒல்லியான ஈட்டி ஜன்னலும். 1280-க்குப் பிறகு ஜன்னல் தலையில் கல் கொடியாகச் சுழலும். லிங்கன்ஷயரின் ஹெக்கிங்டனைப் பாருங்கள். 1348–49 கொள்ளைநோய்க்குப் பிறகு பரவிய பாணியில் ஜன்னலின் கல்கம்பிகள் நேராக மேலே போகும், ஜன்னல் சுவரையே விழுங்கும். கம்பளிப் பணத்தில் எழுந்த லேவன்ஹம், லாங் மெல்ஃபோர்ட் எல்லாம் இந்த வகை.

இரண்டு எச்சரிக்கை. ஜன்னலின் வயது சுவரின் வயது அல்ல. பழைய சுவரில் புது ஜன்னல் குத்துவது எல்லோரும் செய்த வேலை. இரண்டாவது, விளிம்பு கத்திபோல் கூர்மையாக, வரிகள் அச்சடித்தாற்போல் இருந்தால் விக்டோரியா காலத்தவர் கையைச் சந்தேகியுங்கள். உட்பூச்சைச் சுரண்டிக் கல்லைக் காட்டியது, பளபள ஓடு பதித்தது எல்லாம் அவர்கள் பழக்கம். சுரண்டலைப் பொறுக்காமல்தான் 1877-இல் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடங்களைக் காக்க ஒரு சங்கமே தொடங்கினார்.

எங்கே தொடங்கலாம்

பெயர் தெரியாத ஊரில் தொடங்குங்கள். கூட்டம் இராது, ஒட்டுப்போட்ட சுவர் நிறைய இருக்கும். கிளம்பும்போது விளக்கை அணைத்து, வாசலில் கம்பிவலைக் கதவு இருந்தால் பறவை நுழையாதபடி கொண்டி போட்டு, உண்டியலில் சில பவுண்டு போடுங்கள். கூரை ஈயம் அதில்தான் நிற்கிறது. கண் பழகியபின் கண்ணாடிக்காக ஃபேர்ஃபோர்ட் போகலாம். 1500-ஐ ஒட்டி நிறைவேறிய 28 ஜன்னல்களும் ஏறக்குறைய முழுமையாக இருக்கின்றன, மேற்கு ஜன்னலில் பிசாசுகள் சிவக்கச் சிவக்க வேலைசெய்கின்றன.

எல்லோரும் முதலில் பரிந்துரைப்பது ஹெரிஃபோர்ட்ஷயரின் கில்பெக். 1140-ஐ ஒட்டிய சிவப்புக்கல் வாசலும், கூரைக்கடியில் சுற்றிவரும் நாய், முயல், விகார முகங்களும் அபாரம். ஆனால் அந்தக் கட்டடம் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே கைத்திறனில் முடிந்தது. கற்றுக்கொள்ள அங்கே தழும்பு குறைவு. ஐந்தாறு தேவாலயம் பார்த்த பிறகு போங்கள்.